சீலை கட்டாத ஜெர்மன் கார்

ஜெர்மன் காரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குர்ஆன் ஓதவும் கொஞ்சம் தமிழ் வாசிக்கவும் மட்டும் படித்தவள் நான். ஆனால் அந்தக் கம்பனியின் சரித்திரத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். உலகத்தில் முதல் காரைச் செய்தது யார், இரண்டு பழைய கம்பனிகள் போட்டி போட்டுக் களைத்து எப்படி ஒன்றாகின, காரின் மூக்கில் இருக்கிற நட்சத்திரத்துக்கு ஏன் மூன்று முனை, எல்லாம் தெரியும். தரை, தண்ணீர், ஆகாயம், மூன்றிலும் எங்கள் இயந்திரம் ஓடும் என்று அர்த்தமாம். என் புருஷன் விறாந்தையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொல்லுவார். நான் உள்கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணிக் கோப்பைகளை நீட்டிக்கொண்டே கேட்பேன். அவர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அது என் பகுதி.

நான் பிறந்து வளர்ந்தது கண்டி டவுனில், கொழும்பு வீதிக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய சந்தில். வாப்பாவுக்குப் பிடவைக் கடை. என்னைக் கட்டிக் கொடுத்தது கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே, மாவனல்லையில், பாக்கும் மிளகும் வாங்கி விற்கிற ஒரு குடும்பத்தில். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நடுவில் மலை. அந்தக் காலத்துக் கார்களுக்கு அந்த ஏற்றம் பெரிய சோதனை. பாதி ஏறுவதற்குள் தண்ணீர் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி அடிக்கும். டிரைவர் இறங்கித் தண்ணீர் ஊற்றி, சூடு ஆறும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பான். உச்சிக்குக் கிட்ட, கல்லைக் குடைந்து பாதை போட்டிருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் கார்களுக்கென்றே வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார். எந்தக் கார் நிற்கிறது, எது நிற்காமல் போகிறது என்று பார்ப்பதுதான் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேலை.

எங்களிடம் முதலில் இருந்தது ஓர் இங்கிலீஷ் கார். கிழட்டுச் சனியன். ஆனால் அதில் சீலை கட்டலாம். எங்கள் பெண்கள் காரில் போவதென்றால், ஜன்னல்களுக்கும் டிரைவரின் முதுகுக்குப் பின்னாலும் மறைப்புச் சீலை தொங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு பெண் கடைத்தெரு வழியாகப் போனால், அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். உள்பக்க மரச் சட்டத்தில் சின்ன ஆணிகளை அடித்து, கம்பி இழுத்து, அதில் சீலையைக் கோர்த்துவிடுவார்கள். அந்தக் கிழட்டுக் காரில் ஆணி அடிக்காத இடமே இல்லை. அதற்குள் உட்கார்ந்து மாதம் ஒரு தடவையாவது நான் உம்மாவிடம் போய் வந்தேன். வழியில் கொதிக்கும், நிற்கும், இருமும். ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைப் பற்றி ஒருவரும் சரித்திரம் சொன்னதில்லை.

பிறகு அதை விற்றுவிட்டார்கள், ஜெர்மன் கார் வந்தது. முதல் யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் போயும், தோட்டத்துத் துரைமார் ஜெர்மன் சாமான் என்றால் முகத்தைத் திருப்புவார்கள். நம்முடைய ஆட்களுக்கு அந்தக் கோபம் இல்லை. துரை வெறுக்கிற சாமான் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. கொழும்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரோடு போகும்போது விற்ற காரை என் புருஷன் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கறுப்பு நிறம். உள்ளே தோல் இருக்கை, கதவோரமெல்லாம் முகம் பார்க்கலாம் போல மினுக்கிய மரம். கடைத்தெருவே திரண்டு வந்து பார்த்தது. நான் ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே அவர் அதை மலையில் ஏற்றினார். கொதிக்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாராம், இவர் ஹோர்னை அடித்துவிட்டுப் போய்விட்டாராம். இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. அதன் பிறகு மாவனல்லையில் யார் எந்தக் காரைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இவரிடம் வந்துதான் தீர்ப்புக் கேட்பார்கள். எந்தக் கார் ஏறும், எது ஏறாது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், எல்லாம் இவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இவர் சொல்லும் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. இரண்டுமே பெண்பிள்ளைகள் வருகிற இடங்கள். ஒரு பணக்காரர் அந்தக் கம்பனியிடம் நிறைய வண்டிகளை வாங்கினாராம். தன் மகளின் பெயரை வண்டிக்கு வைக்கச் சொன்னாராம், அந்தப் பெயரே நிலைத்துவிட்டதாம். மற்றது, முதல் காரைச் செய்தவரின் பெண்சாதி கதை. கார் செய்து வைத்தும் வாங்க ஆள் இல்லை, ஊர் சிரிக்கிறது. புருஷன் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறான். ஒரு நாள் விடியற்காலையில் அவன் நித்திரையில் இருக்க, அவள் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே? தன் உம்மா வீட்டுக்கு. வழியில் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் குத்துகிற ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை எடுத்தாள். ஏற்றத்தில் ஏறவில்லை, மகன்மார் இறங்கித் தள்ளினார்கள். பொழுதுபட உம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, புருஷனுக்கு ஒரு தந்தி அடித்தாள். அதற்குப் பிறகுதான் உலகம் அந்தக் காரை நம்பியது.

"ஒரு பொம்பிள ஓட்டிக் காட்டின காராக்கும் இது," என்று முடித்துவிட்டு இவர் தேத்தண்ணி குடிப்பார். விறாந்தையில் இருப்பவர்கள் "மாஷா அல்லாஹ்" என்பார்கள். நான் கோப்பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போவேன்.

ஏனென்றால் அந்தக் காரில் என்னை ஏற்ற ஏலாது. சீலை கட்ட ஏலாது, அதனால் ஏற்ற ஏலாது. ஆணி எங்கே அடிப்பது என்று நான் கேட்ட அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் ஆணி அடிக்கக் கேட்டது மாதிரி.

"இந்த மரத்திலயா? இது என்ன மரம் எண்டு தெரியுமா ஒங்களுக்கு? ஜெர்மனியில மினுக்கின மரம்."

"அப்ப நான் எப்பிடிப் போற?"

"வாடகக் கார் ஈக்கிதானே. சீலையோட வரும். நான் சொல்லிவிடுறன்."

அவர் கத்தினது கிடையாது. என்னை ஒரு நாளும் "நீ" என்று கூப்பிட்டதும் கிடையாது. ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் விடவில்லை. பச்சைத் துணி வாங்கி, ஆணி இல்லாமல் கட்டுகிற மாதிரி ஓரமெல்லாம் நாடா வைத்து, ஜன்னலுக்கு ஜன்னல் தைத்து வைத்தேன். கதவுக் கைப்பிடியில் கட்டலாம், மேலே பிடிக்கிற வாரில் கட்டலாம், ஒரு கீறலும் விழாது என்று காட்டினேன். நாடா உரசினால் மினுக்கம் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சீலைகளை மடித்து அலுமாரியில் வைத்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் கொல்லையில் காய்த்த சுரைக்காயும் கறிக்கு உதவவில்லை.

வாடகைக் கார் என்பது நினைத்த நேரத்துக்கு வருகிற சாமானா? சீலை கட்டின கார் மாவனல்லையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கலியாணம், பிள்ளைப்பேறு என்று அதற்கு எப்போதும் ஓட்டம். மாதம் ஒரு தடவை என்றிருந்த என் பயணம் பெருநாளைக்கு ஒரு தடவை என்று ஆனது. உம்மாவோ கண்டியில் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தா, மருமகன் ஜெர்மன் கார் வாங்கியிருக்கிறார், மகள் அதில் வருவாள் என்று. தெருவில் ஹோர்ன் கேட்டால் கதவிடுக்குக்கு ஓடுவாவாம். அவர் கண்டிக்குப் போன நாட்களில் அந்தக் காரும் போகும், மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டும் வருவார். என்னைத் தவிர எல்லாம் போய் வந்தது. "புதுக் கார்ல எப்ப வாற எண்டு உம்மா கேக்கிறா," என்று அவரே வந்து சிரித்துக்கொண்டு சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் உம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்கள். பிறகு, சாப்பாடு இறங்குகிறதில்லை என்று சொல்லியனுப்பினார்கள். வாடகைக் கார் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தது. "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்ச ஒடன போவோம்," என்றார் இவர். புதன்கிழமை காலையில் தந்தி வந்தது. விடியற்காலை சுபஹோடு உம்மா மவுத். பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

எங்களுக்குள் மையித்தை, இறந்தவர் உடலை, நெடுநேரம் வைத்துக்கொண்டிருக்கிற வழக்கம் இல்லை. குளிப்பாட்டி, கபன் துணி சுற்றித் தொழுதுவிட்டால் எடுத்துவிடுவார்கள். அடக்கம் செய்யப் பெண்கள் மையவாடிக்குப் போவதும் இல்லை. பார்ப்பதென்றால் வீட்டில் வைத்து, முகத்தை மூடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பகல் தொழுகைக்குள் நான் மலை ஏறியாக வேண்டும், இல்லையென்றால் உம்மாவின் முகம் எனக்கு இல்லை. என் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

வாசலில் கார் நின்றது. இவரும் இவருடைய தம்பியும், கூடவே இவருடைய வாப்பாவும் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அலுமாரியைத் திறந்து பச்சைச் சீலைகளை அள்ளிக்கொண்டு கதவடிக்கு வந்தேன்.

"நானும் வாற. கட்டக்கூடத் தேவல்ல. நான் கையால புடிச்சிட்டு ஈக்கிற. ஒரு கீறல் விழாது."

"கையால புடிச்சா காத்துக்கு நிக்குமா? ஆம்புளகளுக்கு நடுவில எப்பிடி? வாடகக் காருக்கு ஆள் அனுப்பிட்டன். பின்னாலயே வாங்க."

"உம்மா மவுத்தாப் போயிருக்கா."

"அதான் நான் முந்திப் போறன். மருமகன் போய் நிக்கத் தேவயில்லையா?"

அவ்வளவுதான். கதவு சாத்துகிற சத்தம்கூட நயமாகக் கேட்டது. அந்தக் காரின் கதவு அப்படித்தான் சாத்தும், அதையும் பலமுறை சொல்லியிருக்கிறார். கையில் சீலையோடு நான் நின்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்தக் கார் மலையிலிருந்து உருண்டு விழட்டும் என்று மனதார நினைத்தேன்.

வாடகைக் கார் வர நேரம் போய்விட்டது. பழைய கட்டில் விரிப்புகளைக் கட்டியிருந்தான், உள்ளே பாக்கு வாசனை. இவருடைய உம்மா, என் மாமி, என்னோடு வந்தா. அடிவாரம்வரை நன்றாகத்தான் ஓடியது. மலை தொடங்கியதும் முனகத் தொடங்கியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. உச்சிக்குக் கிட்ட, அந்தத் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், ஆவி அடித்து நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும். வாளி இரும்பில் இடிக்கிற சத்தம், தண்ணீர் சீறுகிற சத்தம். சீலைக்கு அப்பால் ஆண்கள் பேசிக்கொண்டார்கள்.

"காலையில ஒரு ஜெர்மன் கார் போச்சு பாத்தீங்களா? தண்ணி வேணுமானு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"அது ஏறுங்க. அது கம்பனி அப்படி. இதுவும் இருக்கே, செக்கு மாடு."

"உள்ள யாரு?"

"பொம்பளைங்க."

நான் கதவுக் கைப்பிடியில் கை வைத்தேன். நடந்தாவது போய்விடுவேன், ஓடியாவது போய்விடுவேன் என்று இருந்தது. மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா. "எங்க புள்ள போற? இந்த ரோட்டுல, இத்தின ஆம்புளகளுக்கு முன்னால?" எனக்கு அந்த ஜெர்மன்காரியின் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தொப்பி ஊசி இருந்தது, தள்ள மகன்மார் இருந்தார்கள், மணிக்கட்டைப் பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை. நான் சீலைக்குள் உட்கார்ந்து, ஒரு வாகனத்தின் சூடு ஆறுவதற்காகக் காத்திருந்தேன். எங்கோ ஒரு பள்ளிவாசலிலிருந்து பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. மாமி தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டா.

கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது சந்தில் ஒரு செருப்புக்கூட இல்லை. ஆண்கள் போய்விட்டார்கள் என்று அதிலேயே தெரிந்தது. உள்ளே பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டின இடம் ஈரமாக இருந்தது. கற்பூர வாசனை. என் மூத்தவள், ராத்தா, எழும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பதான். கொஞ்ச முந்தித்தான் எடுத்த," என்றாள்.

"எனக்காகக் கொஞ்சம் வச்சிருக்க ஏலல்லயா?"

அவள் சொல்ல விரும்பவில்லை. நான் விடவில்லை. கடைசியில் சொன்னாள்.

"வாப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்த. மகள் வரட்டும், மொகத்தப் பாத்த பொறகு எடுப்போம் எண்டு சொன்ன. ஒங்கட மாப்பிளதான், அது வாடகக் கார், மாமா, மலையில எங்க நிண்டு கொதிக்கிதோ, எப்ப வருமோ, அதுக்காக மையித்த வச்சிட்டு ஈக்கிறது சரியில்ல எண்டு சொன்ன. அதுக்குப் பொறகு வாப்பா ஒண்டும் சொல்லல்ல."

கார் விஷயத்தில் இவர் சொன்னால் மறுபேச்சு ஏது? சரியாகத்தானே சொல்லியிருக்கிறார். கொதிக்கும் என்றார், கொதித்தது. அதில் ஒரு பிழையும் பிடிக்க முடியாது.

மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாப்பா என்னைப் பார்க்காமல் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். வெளியே கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரம் உம்மாவின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு யாரோ கேட்டார், மாவனல்லையிலிருந்து இவ்வளவு கெதியாக எப்படி வந்தீர்கள் என்று. நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல்ல," என்று தொடங்கினார் என் புருஷன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். மவுத் வீடு அல்லவா. என் கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. அதை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு, ஈரம் காயாத அந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். என்னை எழுப்ப ஒருவரும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்கு முன்னால் ஒரு தச்சனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மினுக்கின மரத்தில் பித்தளைக் கொளுக்கி அடிக்க வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் முகம் சுருங்கியதை நான் ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். முடிந்ததும் உள்ளே வந்து, "அந்தப் பச்சச் சீலைகள எடுங்க. உம்மா வீட்டுக்கு இதுலயே போவோம்," என்றார். அவர் அதைப் பெரிய மனதோடு சொன்னார். கடைசிவரை அவருக்கு அது பெரிய மனதாகத்தான் இருந்தது.

போனோம். பின் இருக்கையில் நான் தனியாக இருந்தேன். தோல் இருக்கை மெத்தென்று இருந்தது. என் கையால் தைத்த சீலை ஒரு பக்கமும் விலகவில்லை. அடிவாரம் போனது, வளைவுகள் போயின, கார் முனகவில்லை. தேத்தண்ணிக் கடையை ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டினோம். அந்தக் கம்பனியைப் பற்றி விறாந்தையில் சொன்னதெல்லாம் உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

கல்லுக்குள்ளால் போன பாதையைத் தாண்டியதும், முன்னால் இருந்து சீலைக்கு அப்பால் அவர் குரல் வந்தது.

"என்ன, ஒண்டும் பேசல்ல? எப்பிடி ஈக்கிது கார்?"

"ஒரு விஷயம் கேக்கிற," என்றேன். "அந்த வெள்ளக்காரி, புருஷனுக்குச் சொல்லாமக் கார எடுத்திட்டுப் போனாளே. அவ போய்ச் சேரக்குள்ள அவட உம்மா உசிரோட இருந்தாவா?"

நல்ல கேள்வி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இருந்திருப்பா," என்றார். "உம்மாவப் பாக்கத்தானே போன."

பிறகு அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.